ஆக்கப் பொறுத்தவர்

ஒரு செயல் விரைவில் முடியவேண்டும் என்று விரும்புவது மக்கள் இயல்பு. விதையை ஊன்றிய சிறுவன் மறுநாட் காலையிலேயே மண்ணைக் கிளறி முளையைத் தேடுகிறான். கடிதம் எழுதியவன் அன்றே மறுமொழியை எதிர்நோக்குகிறான். காத்திருத்தல் யாருக்கும் எளிதன்று. ஆயினும், எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை அறிந்தால் காத்திருப்பின் சுமை பாதி குறைந்துவிடும். எது வேண்டிய தாமதம், எது வேண்டாத தாமதம் என்று பகுத்துணரும் அறிவும் அதனால் வளரும். இவ்வுண்மையை விளக்குவதற்கு, உலக மக்கள் பலரும் விரும்பும் விளையாட்டு ஊர்தி ஒன்றையே சான்றாக எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க நாட்டில் கேளிக்கைப் பூங்காக்கள் பல உள்ளன. அவற்றுள் ரோலர் கோஸ்டர் என்னும் ஊர்திக்குத் தனிச் சிறப்பு உண்டு. மலைபோல் உயர்ந்தும், பள்ளம்போல் தாழ்ந்தும், பாம்புபோல் வளைந்தும் செல்லும் எஃகுப் பாதையில் அது பாய்ந்து ஓடும். அதில் அமர்ந்தவர் அச்சத்தால் அலறுவர். இறங்கியவுடன் மீண்டும் ஏற விரும்புவர். இவ்வூர்திகளிடத்து நீங்காத பற்றுக் கொண்ட அன்பர் பல்லாயிரவர் உளர். புதிய ஊர்தி ஒன்று வரப்போகிறது என்று கேட்டால், அவர்கள் அதன் கட்டுமானத்தை நாள்தோறும் கவனிப்பர். வேலிக்கு வெளியே நின்று தூண்களை எண்ணுவர். சிலர் வானூர்தியில் பறந்து மேலிருந்து படமெடுத்து, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பிட்டுப் பார்ப்பர். வேலை விரைந்து நடந்தால் மகிழ்வர். நின்றுவிட்டால் மனம் வெதும்புவர்.

இத்தகைய அன்பர்களின் பொறுமையைப் பெரிதும் சோதித்தது, புளோரிடா மாநிலத்திலுள்ள டிஸ்னி பூங்காவில் எழுந்த டிரான் என்னும் ஊர்தியாகும். மோட்டார் சைக்கிள் வடிவில் அமைந்த அதன் இருக்கையில், முன்புறம் சாய்ந்து படுத்தாற்போல் அமர்ந்து, மணிக்கு ஏறத்தாழ 95 கிலோமீட்டர் வேகத்தில் செல்லவேண்டும். அவ்வூர்தி அங்கே அமையும் என்னும் அறிவிப்பு 2017-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளியாயிற்று. பூங்காவின் பொன்விழா 2021-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று வருவதால், அதற்குள் ஊர்தி ஆயத்தமாகிவிடும் என்று மக்கள் நம்பினர். பொன்விழா வந்தது; சென்றது; ஊர்தி வரவில்லை. இறுதியில் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாளன்றுதான் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அறிவிப்புக்கும் திறப்புக்கும் இடையே ஐந்து ஆண்டும் ஒன்பது திங்களும் கழிந்துவிட்டன. ஊர்திப் பயணமோ ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும்!

அன்பர்களின் மனக்குறை வீண் முணுமுணுப்பு அன்று. அவர்கள் காட்டிய காரணங்களைக் கேளுங்கள். இதே ஊர்தி சீன நாட்டின் ஷாங்காய் நகரப் பூங்காவில் 2016-ஆம் ஆண்டு ஜூன் திங்களிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆகவே, புதிதாகச் சிந்தித்து உருவாக்க வேண்டியவை குறைவு. முன்னரே செய்ததை மீண்டும் செய்வதற்கு இத்துணைக் காலம் எதற்கு என்று அவர்கள் கேட்டனர். கலிபோர்னியாவில் வால்ட் டிஸ்னி அமைத்த முதற் பூங்கா, 1954-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கி 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாளன்று திறக்கப்பட்டது. ஓராண்டில் ஒரு பூங்கா முழுவதும் எழுந்தது. புளோரிடாப் பூங்காவோ 1967-இல் நிலம் திருத்தத் தொடங்கி, 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று திறக்கப்பட்டது. நியூயார்க்கு நகரின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 102 மாடிகளை உடையது. அது 1930-ஆம் ஆண்டு மார்ச்சில் தொடங்கி 1931-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று முடிந்தது. அக்காலத்தார் ஓராண்டில் வானளாவும் மாளிகை எழுப்பினர். இக்காலத்தார் ஆறாண்டில் ஓர் ஊர்திக்கு வழி செய்ய இயலவில்லையோ? இதுவே அவர்களின் வினா.

இன்னுமோர் இழப்பும் இருந்தது. அப்பூங்காவைச் சுற்றி நீராவிப் புகைவண்டி ஒன்று ஓடும். முதியோரும் குழந்தையரும் அதில் ஏறி இன்புறுவர். புதிய ஊர்திக்கான வேலை அவ்வண்டியின் பாதையைக் குறுக்கிட்டமையால், 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் நிறுத்தப்பட்ட வண்டி, 2022-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் மீண்டும் ஓடியது. வருவதற்காகக் காத்திருந்ததோடன்றி, இருந்ததையும் நான்கு ஆண்டுகள் இழக்க நேர்ந்தது.

இவற்றினும் உள்ளத்தைத் தொடுவது மற்றொன்று. தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து வரும் குடும்பத்தார் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்தே இத்தகைய பூங்காவுக்கு வருவர். அறிவிப்பு வெளிவந்தபோது பத்து வயதுச் சிறுவனாக இருந்தவன், ஊர்தி திறக்கப்பட்டபோது பதினைந்தைக் கடந்துவிட்டான். அவனுடைய இளமைப் பருவத்தில் அத்தகைய விடுமுறை மறுபடியும் வருமோ, வாராதோ! தூணும் பாதையும் தாமதமாக எழலாம். குழந்தைப் பருவம் தாமதித்து நிற்பதில்லை. ஆதலின், அன்பர்களின் சினத்துக்கு அடியில் இருப்பது பேராசை அன்று. காலத்தின் அருமையே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

இனி, மறுபுறத்தையும் நோக்குவோம். இத்தகைய ஊர்தி எவ்வாறு உருவாகிறது?

திருவிழாவில் நாம் காணும் ராட்டினத்தை ஓரிரு நாளில் நிறுத்திவிடுகின்றனர். அதன் உறுப்புகள் யாவும் முன்னரே செய்யப்பட்டவை. ஊர் ஊராகக் கழற்றி மாட்டப்படுபவை. ரோலர் கோஸ்டரின் நிலை அத்தகையதன்று. முதலில் அது தாளின்மேலும் கணிப்பொறியிலும் பிறக்கிறது. ஊர்தி வளைவில் திரும்பும்போது, அமர்ந்திருப்பவரின் உடல் இருக்கையோடு அழுத்தப்படும். மேட்டைத் தாண்டும்போது உடல் எடையற்றதுபோல் மிதக்கும். வேகம் இரு மடங்கானால் வளைவில் தோன்றும் விசை நான்கு மடங்காகும். வளைவின் ஆரம் பாதியானால் அவ்விசை இரு மடங்காகும். கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் கழுத்தும் முதுகும் துன்புறும். ஆகவே, பாதையின் ஒவ்வோர் அடியிலும் வேகம் எவ்வளவு, விசை எவ்வளவு, எத்திசையில் இழுக்கும் என்பதைப் பொறியியல் வல்லுநர் கணக்கிட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது நிலம். எடை மிகுந்த ஊர்தி விரைந்து திரும்பும்போது தூண்களை ஒருபுறம் தள்ளும். அடுத்த நொடியில் மறுபுறம் இழுக்கும். இவ்வாறு நாளொன்றுக்குப் பல நூறு முறை அசைக்கப்படும் தூண்கள் நிலைபெற வேண்டுமாயின், கடைக்கால் உறுதியாக இருத்தல் வேண்டும். புளோரிடாவின் அப்பகுதியோ சிறிது தோண்டினாலே நீர் ஊறும் தாழ்நிலம். அங்கே பூங்காவின் அடியிலுள்ள பணியாளர் வழிகளை நிலத்தின் மட்டத்திலேயே கட்டி, அவற்றின்மேல் மண்ணைக் கொட்டி, மாடிபோன்று தெருக்களை அமைத்தனர் என்றால், அந்நிலத்தின் தன்மை விளங்கும். ஷாங்காயில் இட்ட கடைக்காலைப் புளோரிடாவுக்குப் பெயர்த்துக் கொண்டுவர இயலாது. வடிவம் ஒன்றாயினும் மண் வேறு, காற்று வேறு, கட்டடச் சட்டங்களும் வேறு.

எஃகுப் பாதை தொழிற்சாலையிலே துண்டு துண்டாக வளைக்கப்பட்டுப் பூங்காவுக்கு வந்து சேர்கிறது. குழாய் வடிவான எஃகுப் பாதையில் ஓடிய முதல் ரோலர் கோஸ்டர், கலிபோர்னியாவின் டிஸ்னி பூங்காவில் 1959-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மாட்டர்ஹார்ன் மலை ஊர்தியாகும். அதற்கு முன்னர் மரச் சட்டங்களின்மேல் தட்டையான இரும்புப் பட்டை பதித்த பாதைகளே பெருவழக்காக இருந்தன. குழாயை எத்திசையிலும் வளைக்கலாம். ஆனால் ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டோடு மயிரிழையும் பிசகாமல் பொருந்த வேண்டும். ஒரு துண்டு பொருந்தாவிடில் அதன்பின் வரும் அனைத்தும் காத்துக்கிடக்கும்.

மக்கள் நடமாடும் பூங்காவுக்குள்ளேயே இவ்வேலை நடைபெறுகிறது என்பதையும் மறத்தலாகாது. பெரும் பாரந்தூக்கிகள் தலைக்குமேல் எஃகைத் தூக்கும்போது கீழே மக்கள் செல்லக்கூடாது. சில பணிகளைப் பூங்கா மூடிய பிறகு இரவிலேயே செய்ய இயலும். வெற்று நிலத்தில் ஒரு நகரையே எழுப்புவதைக் காட்டிலும், வாழும் வீட்டில் ஓர் அறையை இடித்துக் கட்டுவது சில வேளைகளில் கடினமாவது இதனாலன்றோ?

பாதை முடிந்தது, ஊர்தி வந்தது, இனித் தடை யாது என்று வெளியிலிருப்போர் வினவுவர். உண்மையில் மிக இன்றியமையாத பணி அதன்பிறகே தொடங்குகிறது. முதலில் வெற்று ஊர்தியை ஓட்டுவர். பின்னர், மனிதர் எடைக்கு ஒப்ப நீர் நிரப்பிய பொம்மைகளை அமர்த்தி ஓட்டுவர். வெயிலிலும் மழையிலும், பகலிலும் இரவிலும், மீண்டும் மீண்டும் அது ஓடும். பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஓர் ஊர்தி இருக்கும்வரை மற்றோர் ஊர்தி அதனுள் நுழையலாகாது. இவ்விதியை உணர்கருவிகளும் கணிப்பொறியும் இமையாது காத்து நிற்கும். ஏதேனும் ஒரு கருவியில் சிறு ஐயம் தோன்றினாலும் பிரேக்குகள் தாமே பற்றி ஊர்தியை நிறுத்திவிடும். இடைவழியில் ஊர்தி நின்றால் மக்களை இறக்குவது எவ்வாறு, தீ நேர்ந்தால் வெளியேறுவது எவ்வாறு என்பனவற்றையும் பணியாளர் பயின்று தேர்தல் வேண்டும். "ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கலாகாதா?" என்னும் பழமொழி இந்நிலைக்கு மிகப் பொருந்தும். வேலிக்கு வெளியிலிருந்து நோக்குவார்க்கு முற்றுப்பெற்றதாகத் தோன்றும் ஊர்தி, உண்மையில் ஆறிக்கொண்டிருக்கிறது.

ஆறுமுன் உண்டால் நா சுடும். பூங்கா வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உள. ஓராண்டில் எழுந்தது என்று புகழப்பட்ட கலிபோர்னியாப் பூங்காவின் திறப்பு நாளையே காண்போம். அன்று கடும் வெயில். புதிதாக இட்ட தார்ச் சாலை இறுகாமையால் பெண்டிரின் காலணிகள் அதில் புதைந்தன. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் விளைவாகக் குடிநீர்க் குழாய்கள் போதவில்லை. போலி நுழைவுச் சீட்டுகளால் கூட்டம் அளவு கடந்தது. அன்று விளைந்தவை தொல்லைகளே. அவை பின்னர்த் திருத்தப்பட்டன.

ஆனால், எல்லாப் பிழைகளும் திருத்தக்கூடியன அல்ல. கான்சஸ் நகரப் பூங்கா ஒன்றில், உலகிலேயே மிக உயர்ந்தது என்னும் பெயரோடு 2014-ஆம் ஆண்டு நீர்ச்சறுக்கு ஒன்று திறக்கப்பட்டது. அதன் உயரம் 168 அடிக்கும் மிகுதி. சோதனையின்போதே மணல் மூட்டைகளை ஏற்றிய தெப்பங்கள் பாதையைவிட்டு மேலெழும்பின. திறப்பு பலமுறை ஒத்திவைக்கப்பட்டது. ஆயினும் இறுதியில் அது திறக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதில் சென்ற பத்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். பொறியியல் கணக்கை நம்பாது, செய்து பார்த்துத் திருத்தும் முறையையே அதனை அமைத்தோர் நம்பினர் என்று பின்னர்க் குற்றஞ்சாட்டப்பட்டது. வழக்கு 2019-இல் தள்ளுபடியாயிற்று. சறுக்கோ அதற்கு முந்திய ஆண்டிலேயே இடித்து அகற்றப்பட்டுவிட்டது. எத்தனை தீர்ப்புகள் எவ்வாறு அமைந்தாலும், போன உயிர் மீள்வதில்லை.

இதற்கு மாறான செயலும் உண்டு. ஒகையோ மாநிலத்தின் சீடர் பாயிண்ட் பூங்காவில் 420 அடி உயரமுள்ள ஊர்தி ஒன்று 2003-ஆம் ஆண்டு முதல் ஓடிற்று. 2021-ஆம் ஆண்டு ஊர்தியிலிருந்து கழன்ற உலோகத் துண்டு, வரிசையில் நின்ற பெண்ணொருத்தியைத் தாக்கிப் படுகாயப்படுத்தியது. ஊர்தி நிறுத்தப்பட்டது, மாற்றியமைக்கும் வேலை தொடங்கிற்று. 2024-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாளன்று புது வடிவில் திறக்கப்பட்ட அது, ஒரு வாரம் கழிந்ததும் மீண்டும் மூடப்பட்டது. ஊர்திகளில் திருத்தம் தேவை என்று தெரிந்ததே காரணம். அன்பர்கள் பெரிதும் ஏமாற்றமடைந்தனர். அந்த ஆண்டின் வருவாயும் விளம்பரப் பயனும் வீணாயின. ஆயினும், 2025-ஆம் ஆண்டுவரை அது மீண்டும் திறக்கப்படவில்லை. ஐயத்தோடு ஓட்டுவதினும் அவப்பெயரோடு நிறுத்துவதே மேல் என்னும் துணிவு போற்றத்தக்கது.

தாமதம் சில வேளைகளில் நன்மையும் பயக்கும். கலிபோர்னியாப் பூங்காவில் பேய் மாளிகை ஒன்று உண்டு. அதன் வெளிக் கட்டடம் 1963-ஆம் ஆண்டே முடிந்துவிட்டது. உள்ளே ஒன்றுமில்லை! வாயிலில், ஓய்வு பெற விரும்பும் பேய்களை வரவேற்கும் வேடிக்கையான அறிவிப்புப் பலகை மட்டும் நின்றது. ஆறு ஆண்டுகள் மக்கள் அப்பலகையைப் படித்துவிட்டுத் திரும்பினர். அமைப்பாளர்கள் 1964-ஆம் ஆண்டின் நியூயார்க்கு உலகக் கண்காட்சி வேலைக்குச் சென்றுவிட்டனர். 1966-ஆம் ஆண்டு டிசம்பரில் வால்ட் டிஸ்னி காலமானார். மாளிகை அச்சுறுத்த வேண்டுமா, சிரிக்கவைக்க வேண்டுமா என்னும் கருத்து வேறுபாடும் இருந்தது. ஆனால், அக்காலத்தில்தான் இடையறாது சங்கிலிபோல் நகரும் இருக்கைகள் புதிதாக உருவாயின. முதலில் நடந்தே பார்க்கும் காட்சியாக எண்ணப்பட்ட மாளிகையில் அவ்விருக்கைகள் அமைந்தன. அதனால் பன்மடங்கு மக்கள் இடர்ப்பாடின்றிக் காணும் வழி பிறந்தது. 1969-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாளன்று திறந்த அம்மாளிகை இன்றும் மக்களை ஈர்த்து வருகிறது.

அங்ஙனமாயின், எல்லாத் தாமதமும் நன்றே என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. டிரான் ஊர்தியின் வரலாற்றிலேயே இரு வகைத் தாமதமும் கலந்துள்ளன. கொள்ளைநோய் பரவியமையால் 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் பூங்காவே மூடப்பட்டது. கட்டட வேலையும் நின்றது. அதற்கு யாரையும் குறை கூற இயலாது. கடைக்காலுக்கும் சோதனைக்கும் செலவிட்ட காலமும் பயனுள்ள காலமே. ஆனால், பூங்கா நிறுவனங்கள் பெருஞ்செலவைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பிக்கொள்வதும், வேலை தொடங்குமுன்பே ஆரவாரத்தோடு அறிவித்து மக்களை வரவழைப்பதும் வழக்கமாகிவிட்டன. சோதனையின் பொருட்டு நேரும் தாமதம் மக்களைக் காக்கிறது. கணக்கேட்டின் பொருட்டு நேரும் தாமதம் நிறுவனத்தையே காக்கிறது. இரண்டும் வெளியிலிருந்து ஒன்றுபோலவே தோன்றும். வேலிக்கு அப்பால் அமைதி நிலவும், அவ்வளவே.

ஆகவே, கட்டுவோர்க்கும் காத்திருப்போர்க்கும் கடமைகள் உண்டு. நிறைவேற்ற இயலும் நாளையே கட்டுவோர் அறிவித்தல் வேண்டும். தவறினால் காரணத்தை மறையாது கூறுதல் வேண்டும். உண்மையான காரணத்தைக் கேட்டறிந்த மக்கள் பொறுப்பர். ஒன்றும் கூறாதவிடத்தேதான் ஐயமும் சினமும் வளரும். காத்திருப்போர், "ஏன் தாமதம்?" என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால், "சோதனையைக் குறைத்தேனும் திறந்துவிடுங்கள்" என்று ஒருபோதும் கேட்டலாகாது. முன்னது உரிமை, பின்னது அறியாமை.

டிரான் ஊர்தியில் ஏறுவதற்கு 122 சென்டிமீட்டர் உயரம் இருத்தல் வேண்டும். அறிவிப்பு வெளிவந்த நாளில், அவ்வளவு உயரம் இல்லாத ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவள் வளர வளர ஊர்தியும் வளர்ந்தது. திறப்பு நாளில் அவள் அளவுகோலின் அருகே நிமிர்ந்து நின்று, மகிழ்ச்சியோடு உள்ளே சென்றிருக்கக்கூடும். அவள் அமர்ந்ததும் முதுகின்மேல் பாதுகாப்புக் கம்பி மெல்லெனப் படிந்து பூட்டிக்கொள்ளும். அவ்வோசையை அவள் கவனித்திருக்கமாட்டாள். அந்தப் பூட்டு பல்லாயிரம் முறை திறந்து மூடிச் சோதிக்கப்பட்டது என்பதையும் அவள் அறிந்திருக்கமாட்டாள். அறியவேண்டிய தேவை அவளுக்கு நேராதிருப்பதே, உள்ளே உழைத்தவர்கள் செலவிட்ட காலத்தின் பயனாகும்.